புள்ளி நாயும் ஐந்து இழுக்குகளும்

(அஹிம்சாணுவிரதப் பாடம்)



இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. 'நாம் எவ்வுயிரையும் கொல்லவில்லையே' என்ற அளவில் நம்மிற் பலர் மன அமைதி கொண்டுவிடுகிறோம். ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அவ்விரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களை, அதாவது இழுக்குகளை, எடுத்துரைக்கின்றது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமத்துதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவ்வைந்தும் உயிரை உடனே போக்குவன அல்ல. ஆயினும் விரதத்தைக் கறைப்படுத்துவன.

முன்னாளில் இவற்றை மாணவர்க்கு விளக்கும்போது வண்டியிழுக்கும் எருதை எடுத்துக்காட்டாகக் கூறுவேன். இன்று நம் இல்லங்களில் எருது இல்லை, நாய் உண்டு. ஆகவே, ஈராண்டுகளுக்கு முன்னர் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து எங்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்த டால்மேஷியன் இனப் பெண்நாயையே இப்பாடத்திற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன்.

இனத்தின் இயல்பு

வெண்ணிற உடலில் கருநிறப் புள்ளிகளோ பழுப்புநிறப் புள்ளிகளோ உடைய நாய் இது. குரோஷியா நாட்டின் கடற்கரைப் பகுதியாகிய டால்மேஷியாவின் பெயரைப் பெற்றது. குட்டிகள் பிறக்கும்போது வெண்ணிறமாகவே இருக்கும். இரண்டு, மூன்று வாரங்களில் புள்ளிகள் தோன்றத் தொடங்கும். இங்கிலாந்தில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செல்வர்களின் குதிரை வண்டிகளுக்குக் காவலாக, வண்டியுடன் நெடுந்தொலைவு ஓடுவதற்கென்றே இவ்வினம் வளர்க்கப்பெற்றது. பின்னர்க் குதிரைகள் இழுத்த தீயணைப்பு வண்டிகளுடனும் ஓடிற்று. வண்டிகள் மறைந்துவிட்டன, ஓடும் இயல்பு மறையவில்லை.

டோடி ஸ்மித் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1956இல் இந்நாய்களைப் பற்றிச் சிறுவர் கதையொன்று எழுதினார். அது 1961இல் சித்திரப்படமாகவும், 1996இல் நடிகர்கள் நடித்த திரைப்படமாகவும் வெளிவந்தது. படத்தைக் கண்ட குழந்தைகளின் விருப்பத்திற்காக அமெரிக்கக் குடும்பங்கள் பல குட்டிகளை வாங்கின. குட்டி வளர்ந்து, ஓடவும் குதிக்கவும் தொடங்கியதும் அடக்க மாட்டாமல் காப்பகங்களில் விட்டன. புள்ளியை விரும்பியவர்கள் உயிரை விரும்பவில்லை. அழகிற்காகப் பொருள்போல் வாங்குவது பரிக்கிரகம்; கைவிடப்பட்டதற்கு இடமளிப்பது அபயதானம். வாயிலில் நிற்கும் நாய் ஒன்றேயாயினும், இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இனி ஐந்து இழுக்குகளையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. கட்டிவைத்தல்

இந்நாய்க்கு நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேர நடையும் ஓட்டமும் வேண்டும். அதனைப் படிக்கட்டின் அடியிலோ மொட்டைமாடியிலோ நாள் முழுதும் சங்கிலியால் பிணித்தால், குரைக்கும், கதவைப் பிறாண்டும், கிடைத்ததைக் கடிக்கும். அதனைக் 'கெட்ட குணம்' என்கிறோம். அது குணமன்று, செலவழியாத ஆற்றல். தெருவில் செல்லும்போது கயிறு பிடிப்பது காவலாகும். பிடிப்பவருக்கு ஓய்வு வேண்டுமென்று கட்டிவைப்பது பந்தம் என்னும் இழுக்காகும். என்னையொத்த முதியோர் இருபத்தைந்து கிலோ எடையுள்ள நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்ல இயலாது. எங்கள் இல்லத்தில் என் மகனும் பெயரனும் காலை, மாலை என முறைவைத்துக்கொண்டனர். முறைவைக்க ஆளில்லாத வீட்டார் இவ்வினத்தைத் தத்தெடுத்தல் வேண்டா.

2. அடித்தல்

எங்கள் நாயைக் காப்பகத்தில் விட்டவர் கூறிய காரணம், 'சொன்ன சொல் கேளாது' என்பது. யாரேனும் கையை உயர்த்தினால் அது தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். அடியுண்ட உயிர் என்பதை அறிய வேறு சான்று வேண்டியதில்லை.

வந்து பத்து நாள் ஆகியிருக்கும். அது சமையலறை வாயிலில் உறங்கிக்கொண்டிருந்தபோது குக்கர் உரக்க விசில் அடித்தது. நான் திடுக்கிட்டேன், நாயின் காது மடல்கூட அசையவில்லை. பெயரன் அதன் பின்னே நின்று, தகர டப்பாவில் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினான். அப்பொழுதும் அசைவில்லை. கால்நடை மருத்துவர் பார்த்து, இரு செவிகளும் கேளாதவை என்றார்.

டால்மேஷியன் இனத்தில் இது அரிதன்று. அமெரிக்காவில் சோதிக்கப்பெற்றவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 நாய்களுக்கு இரு செவிகளும், 22 நாய்களுக்கு ஒரு செவியும் கேளாமை கண்டறியப்பட்டது. உட்செவியில் நிறமி உயிரணுக்கள் இல்லாமையால், பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே செவிப்புலன் அழிந்துவிடுகின்றது. எந்தப் புலன் அதற்கு இல்லையோ, அந்தப் புலனைப் பயன்படுத்தவில்லை என்பதற்காக அந்நாய் மூன்றாண்டுகள் அடிவாங்கியிருக்கிறது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் நாய் மட்டுமன்று. நான் பணியில் சேர்ந்த புதிதில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுவன் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். திமிர் என்றெண்ணி, அளவுகோலால் அவன் விரல்களின்மேல் பலமுறை அடித்தேன். சில மாதங்கள் கழித்து அவன் தாய் வந்து, குழந்தைப் பருவத்திலிருந்தே செவியில் சீழ் வடிவதாகக் கூறினார். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் பயின்று தேறியவள் நான்! பின்னர் அவனை முதல் வரிசையில் அமர்த்தினேன். ஆனால் அடித்ததை மீளப்பெற இயலவில்லை. கேளாமை அவன் குற்றமன்று. அறிய முயலாமை என் குற்றம். கவனமின்மையோடு கூடிய செயலே ஹிம்சை என்று நம் ஆகமம் கூறுவதன் பொருளை, நூலில் படித்தபோது அல்ல, அன்றுதான் உணர்ந்தேன்.

செவி கேளாத நாய்க்குக் கைச்சைகையால் பயிற்சி அளிக்கலாம். ஆனால் எங்கள் நாய் கையைக் கண்டே அஞ்சிற்று. எனவே முதல் மாதம் சைகை ஏதும் கற்பிக்கவில்லை. தரையில் அமர்ந்து, விரித்த கையைத் தாழ்வாக நீட்டி, அதில் ஒரு துண்டு உணவை வைத்துக் காத்திருந்தோம். கை என்பது அடிப்பதற்கன்று என்று அது அறிந்த பின்னரே, 'வா', 'அமர்', 'நன்று' என்னும் மூன்று சைகைகளைத் தொடங்கினோம். சைகை, அதற்கிணங்கிய செயல், உடனே பரிசு, இதுவே முறை. உறங்கும்போது திடீரெனத் தொடலாகாது; தரையை மெல்லத் தட்டி அதிர்வால் எழுப்ப வேண்டும். வீதியில் ஒருபோதும் கயிறின்றி விடலாகாது. வண்டியின் ஒலி அதற்குக் கேளாது.

3. உறுப்பைச் சிதைத்தல்

அழகுக்காகச் சில இனங்களின் காதையும் வாலையும் வெட்டும் வழக்கம் உண்டு. அது வெளிப்படையான இழுக்கு. வெளிப்படாததும் ஒன்றுண்டு. புள்ளியழகு நாடி மனிதர் தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கியபோது, பின்னே கூறவிருக்கும் சிறுநீர்க் குறையும் உடன்வந்து இனம் முழுவதும் நிலைத்துவிட்டது என்று ஆய்வாளர் கருதுவர். ஓர் உடலைக் கத்தியின்றியும் சிதைக்கலாம்.

கருத்தடை அறுவையும் சிதைத்தல் ஆகாதோ எனச் சிலர் வினவுவர். நோக்கத்தை ஆராய வேண்டும். வளர்க்க ஆளின்றித் தெருவில் மடியப்போகும் குட்டிகள் பிறவாதிருக்கவும், தாய்நாயின் நலத்திற்காகவும், மயக்கமருந்தளித்து மருத்துவர் செய்யும் அறுவையை நான் இழுக்கெனக் கருதவில்லை. மாற்றுக் கருத்துடையோர் முனிவரையோ அறிஞரையோ அணுகித் தெளிக.

4. அளவுக்கு மிஞ்சிச் சுமத்துதல்

ஓடும் இனமாயிற்றே என்று நண்பகலில் மிதிவண்டியின் பின்னே ஓட்டுவது மிகுசுமையாகும். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. நம் நாட்டுக் கோடையில் வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் தாழ்ந்த பின் மாலையிலும் நடத்துக. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைக்க இயலாதெனில், நாயின் பாதமும் அங்கே படலாகாது. குட்டிகளை விற்பதற்காகப் பெண்நாயை ஓய்வின்றி ஈனச் செய்வதும் மிகுசுமையே. வந்த முதல் வாரத்திலேயே நன்றியும் அன்பும் காட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகைச் சுமையே. மூன்று நாளில் அச்சம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் நம்பிக்கை பிறக்கும் என்று பயிற்சியாளர் கூறுவர். அடியுண்ட நாய்க்கு இன்னும் மிகுதியான காலம் தருக.

5. உணவும் நீரும் தடுத்தல்

பிற இன நாய்களின் உடலில் யூரிக் அமிலம் மேலும் மாற்றமடைந்து, எளிதிற் கரையும் அல்லன்டாயின் என்னும் பொருளாக வெளியேறும். டால்மேஷியனில் யூரிக் அமிலமாகவே மிகுதியாக வெளியேறும். அதனால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகலாம். ஆண்நாய்களில் அக்கல் சிறுநீர்ப் பாதையை அடைத்து உயிருக்கே ஊறு செய்யலாம். இதற்குக் காரணமான மரபணுவை 2008இல் கண்டறிந்தனர்.

'புலால் தாராமல் நாய் வளர்க்க இயலுமா?' என்பது நம் இல்லங்களில் முதலில் எழும் வினா. இவ்வினத்திற்கு ஈரலும் சிறுநீரகமும் போன்ற பியூரின் மிக்க புலாலுணவை மருத்துவர்களே விலக்கச் சொல்கின்றனர். பால்படு பொருள்களில் பியூரின் குறைவு. ஆயினும் வெறும் தயிர்ச்சோறு முழுவுணவு ஆகாது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் அளவறிந்து சேரவேண்டும். மருத்துவர் வகுத்துத் தந்த முறைப்படியே தருக. பருப்பு, பட்டாணி, பசலைக்கீரை ஆகியவற்றையும் அளவோடு நிறுத்துக. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியணுக்களை அழிப்பன. அவை நம் அடுக்களையில் இல்லாதது நன்று. ஆனால் பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் இடும் உலர்திராட்சை நாய்க்கு நஞ்சு என்பதை மறவாதீர்.

நீரே இவ்வினத்திற்கு முதல் மருந்து. இங்கு ஓர் எச்சரிக்கை. நாம் இரவில் உண்பதில்லை. சிலர் நீரும் அருந்துவதில்லை. நாயின் மாலை உணவையும் கதிரவன் மறையுமுன் அளித்துவிடலாம், தவறில்லை. ஆனால் அதன் நீர்க்கலம் இரவிலும் நிறைந்திருக்க வேண்டும். சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துச் செல்லவும் வேண்டும். தசலட்சண பர்வத்தில் நாம் உபவாசம் இருக்கலாம். நாய்க்கு வேளை தவறலாகாது. விரதம் என்பது தானே விரும்பி ஏற்பது. பிறவுயிர்மேல் ஏற்றப்படும் விரதம் அன்னபான நிரோதமே.

சட்டமும் அறமும்

ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன் 11ஆம் பிரிவு அடித்தல், மிகுசுமை ஏற்றல், குறுஞ்சங்கிலியில் நெடுநேரம் பிணித்தல், கட்டிய நாயை நடத்தாதிருத்தல், உணவும் நீரும் அளியாமை, உறுப்புச் சிதைத்தல், தக்க காரணமின்றிக் கைவிடல் ஆகியவற்றைக் குற்றங்களாகக் கொள்கின்றது. நம் ஆசாரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் வகுத்த ஐந்தும் அங்கே இருத்தலைக் காண்க.

தத்தெடுக்குமுன்

காப்பகத்திற்கு ஒருமுறை சென்றவுடன் அழைத்து வாராதீர். பலமுறை சென்று பழகுக. செவி, சிறுநீர், முன்னைய வாழ்வு ஆகியவற்றைக் கேட்டறிக. வெறிநாய்க்கடித் தடுப்பூசி முதலியவற்றை உரிய காலத்தில் இடுக. உள்ளாட்சியில் பதிவு செய்க. உண்ணிகள் பெருகாதவாறு நாள்தோறும் உடலைச் சீவித் தூய்மை செய்க. பெருகவிட்டுப் பின்னர் அழிப்பதினும் வாராமற் காத்தலே நம் அறத்திற்கு இயைந்தது. இவ்வினம் 11 முதல் 13 ஆண்டுகள் வரை வாழும். அத்தனை ஆண்டுகளுக்கும் வீட்டார் அனைவரும் உடன்படுகின்றனரா என்று உறுதிசெய்க. அதனை இரண்டாம் முறை கைவிடுவது முதல் முறையினும் கொடிது.

முடிவுரை

சீவக சிந்தாமணியில், உணவைத் தீண்டியதற்காகச் சிலரால் அடியுண்டு உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் பஞ்சநமஸ்கார மந்திரத்தை ஓதுகின்றான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து, பின்னர் அவனுக்கு உற்றுழி உதவுகின்றது. எங்கள் நாயின் செவியில் மந்திரம் ஏறாது. ஆயினும் மாலையில் நான் மந்திரம் சொல்லும்போது, அது வந்து என் மடியில் முகம் வைத்துக்கொள்கிறது. இப்போது நான் கையை உயர்த்தினால் அது படுப்பதில்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று பார்க்கின்றது.

தமிழ்நாட்டுச் சமணர் 'அஞ்சினான் புகலிடம்' அமைத்திருந்தனர் என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. அவ்விடங்கள் இன்றில்லை. அஞ்சி வரும் ஓருயிருக்கு நம் இல்லத்தின் ஒரு மூலையை அவ்வாறு ஆக்குதல் நம்மால் இயலும்.

பிள்ளைகளுடன் சிந்திக்க வினாக்கள்

1. ஐந்து இழுக்குகளைக் கூறி, ஒவ்வொன்றிற்கும் உங்கள் தெருவில் கண்ட ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. காவலுக்காகக் கயிறு பிடித்தலும் கட்டிவைத்தலும் எவ்வாறு வேறுபடும்?
3. நாம் உபவாசம் இருக்கும் நாளில் வளர்ப்புயிருக்கு உணவளிப்பது ஏன் கடமையாகும்?
4. 'சொல் கேளாதவர்' என்று நீங்கள் எண்ணிய ஒருவருக்கு, நீங்கள் அறியாத காரணம் இருந்ததுண்டா?

அறம் வளர்க.