பாம்பின் வீட்டுக்கு வெப்பம்



'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில், நாம் மீன்தொட்டி வைப்பதுபோல், நஞ்சற்ற பாம்பை வீட்டில் வளர்ப்போர் பலர் உள்ளனர். கண்ணாடியாலோ மரத்தாலோ ஆன பெட்டியே அதன் வீடு. இங்கிலாந்தின் குளிர்காலத்தில் வெளியே நீர் உறைந்துவிடும். வெப்பமான நாட்டுக்குரிய பாம்பு அங்கே உயிர் வாழ்வதற்கு, வளர்ப்பவர்தான் வெப்பம் தரவேண்டும். அன்போடு தரும் அந்த வெப்பமே எத்தனையோ பாம்புகளைச் சுட்டுப் புண்ணாக்கியும் இருக்கிறது. அது ஏன் நேர்கிறது, எப்படித் தடுக்கலாம் என்பதைக் காண்போம். வகுப்பில் நாம் பயிலும் வெப்பப் பாடம் இதற்குத் துணை செய்யும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தோட்டத்துப் பாம்பைப் பிடிக்கக் கிளம்ப வேண்டாம்! நம் நாட்டுப் பாம்புகளுக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காவலாக உள்ளது. அவற்றைப் பிடித்து வீட்டில் வைப்பது குற்றம். ஆபத்தும்கூட.

குளிர்ந்த இரத்தமா?

பாம்பைக் 'குளிர் இரத்தப் பிராணி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். வெயிலில் கிடந்த பாம்பின் இரத்தம் நம் இரத்தத்தைப் போலவே வெதுவெதுப்பாக இருக்கும். ஆகவே அந்தப் பெயர் அவ்வளவு பொருத்தமன்று. நாம் உண்ணும் உணவின் பெரும்பகுதி உடலைச் சூடாக வைப்பதற்கே செலவாகிறது. பாம்புக்கு அந்த அடுப்பு உடலுக்குள் இல்லை. சூடு வேண்டுமானால் வெயிலுக்கு வரும். போதுமென்றால் நிழலுக்குப் போகும். இப்படி இடம் மாறி மாறியே அது தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்கிறது.

உணவு செரிக்கவும், நோயை எதிர்க்கவும், ஓடியாடவும் பாம்புக்கு இந்த வெப்பம் தேவை. இரை விழுங்கிய பாம்பு குளிரில் அகப்பட்டால் செரிமானம் நின்றுபோகும். விழுங்கியதை அது கக்கிவிடுவதும் உண்டு.

இதற்கு ஓர் அழகிய விலக்கும் இருக்கிறது. மலைப்பாம்பு இனங்கள் சிலவற்றில் தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை விட்டு விட்டு நடுங்கச் செய்து, வெப்பத்தை உண்டாக்குகிறது. 1841-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து விலங்குக் காட்சியில் அடைகாத்த ஒரு மலைப்பாம்பை வலென்சியென் என்ற பிரெஞ்சு அறிஞர் வெப்பமானி கொண்டு அளந்து, அது சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதைக் கண்டார். ஆனால் இந்த ஆற்றல் அடைகாக்கும் காலத்துக்கு மட்டுமே உரியது.

ஒரு கோடி வெயில், மறு கோடி நிழல்

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப்பாம்பு, வீட்டில் வளர்ப்போர் மிகவும் விரும்பும் இனம். மக்காச்சோளக் கிடங்குகளில் எலி தேடி வருவதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது என்பர். அதன் பெட்டியில் ஒரு கோடி 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலும், எதிர்க்கோடி 20 முதல் 24 டிகிரி வரையிலும் இருக்கவேண்டும். இரண்டு கோடிகளிலும் பாம்பு ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். ஒன்றே ஒன்று வைத்தால், பாதுகாப்பை நாடும் பாம்பு, சூடு அதிகமானாலும் குறைந்தாலும் அதை விட்டு வெளியே வர அஞ்சும்.

பெட்டி முழுவதையும் 30 டிகிரியில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். நண்பகல் வெயிலில் நிழலே இல்லாத மைதானத்தில் நம்மை நாள் முழுவதும் நிறுத்தினால் எப்படி இருக்கும்? அதைப் போன்றதுதான். எப்போது எவ்வளவு சூடு வேண்டும் என்பது பாம்புக்குத் தெரியும். தேர்ந்துகொள்ள இடம் தருவதே நம் வேலை.

இந்த உண்மையைச் செங்கல்லிலும் கண்ணாடியிலும் கட்டிக் காட்டியவர் ஒரு பெண்மணி. ஜோன் பிராக்டர் என்பது அவர் பெயர். 1897-இல் லண்டனில் பிறந்த இவர், பள்ளி மாணவியாக இருந்தபோது ஒரு முதலைக் குட்டியை வளர்த்தார். அதைக் கணித வகுப்புக்கே கொண்டுபோய் ஆசிரியையைத் திகைக்க வைத்தாராம்! தீராத நோயால் அவரால் பல்கலைக்கழகம் செல்ல இயலவில்லை. ஆயினும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பூலாஞ்சர் என்ற அறிஞரிடம் பயின்று, 1923-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அவர் திட்டமிட்ட ஊர்வன இல்லம் 1927-இல் திறக்கப்பட்டது. கட்டடம் முழுவதற்கும் ஒரே சூடு என்று விட்டுவிடாமல், இடத்துக்கு ஏற்றவாறு வெவ்வேறு வெப்பம் கிடைக்கும்படி மின்சாரத்தால் சூடேற்றும் ஏற்பாட்டை அதில் செய்திருந்தார். சூரியனின் புற ஊதாக் கதிர்களை உள்ளே விடும் தனிவகைக் கண்ணாடியும் பொருத்தப்பட்டிருந்தது. 1931-இல், தமது 34-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அன்பு சுடும் விதம்

வெப்பம் பரவும் மூன்று வழிகளை நாம் அறிவோம்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. தரைக்கு அடியில் வைக்கும் மின் வெப்பப் பாய், தன்மேல் கிடக்கும் பாம்பின் வயிற்றுக்குக் கடத்தலால் சூட்டைத் தருகிறது. மேலே தொங்கும் விளக்கும், ஒளி தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் சூடேற்றியும் கதிர்வீச்சால் சூடேற்றுகின்றன. பெட்டிக்குள் இருக்கும் காற்று சலனத்தால் சூடாகிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது? குளிர்ந்த பெட்டியின் ஓரிடத்தில் மட்டும் கடுஞ்சூடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாம்பு வெப்பத்தைத் தேடி அங்கே போய்ச் சுருண்டு படுக்கும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் உடலின் உட்பகுதி எளிதில் சூடேறாது. வயிற்றுச் செதிள்கள் வெந்துகொண்டிருக்கும்போதும் அது அங்கேயே கிடக்கும். சுட்டால் தானே விலகிவிடும் என்று நம்பியிருந்தவர்கள், வயிறெல்லாம் கொப்புளமான பாம்பை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அத்தகைய புண் ஆற மாதக் கணக்கில் ஆகும். பாம்பு பலமுறை சட்டை உரிக்க நேரிடும். உள்ளே மின்கம்பி வைத்துச் செய்த 'சூட்டுக் கற்கள்' இதனாலேயே கெட்ட பெயர் எடுத்தன.

தொங்கும் விளக்கிலும் இதே தொல்லை உண்டு. பாம்பு எதன்மேலும் ஏறும். சூடான விளக்கையே சுற்றிக்கொள்ளும். ஆகையால் விளக்கைச் சுற்றிக் கம்பிக்கூண்டு அவசியம்.

உறங்காத காவலாளி

வீட்டில் மின்சார இஸ்திரிப் பெட்டியைக் கவனித்திருப்பீர்கள். சூடு ஏறியதும் அதன் சிறு விளக்கு அணைகிறது. ஆறியதும் மறுபடி எரிகிறது. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தியும் விட்டும் காவல் காக்கிறது. பாம்புப் பெட்டிக்கும் இந்தக் காவலாளி கட்டாயம் வேண்டும். அது இல்லாத வெப்பப் பாய், மேலே மண்ணோ மரத்தூளோ தடிப்பாக மூடிவிட்டால், சூடு வெளியேற வழியின்றி மேலும் மேலும் காயும். பாம்புக்கு மட்டுமன்று, வீட்டுக்கே தீப்பிடிக்கும் ஆபத்து அது.

ஆனால் காவலாளியையும் ஏமாற்றலாம். தெர்மோஸ்டாட்டுக்கு வெப்பத்தை உணரும் ஒரு முனை உண்டு. வெப்பம் வரும் இடத்தில் அதை உறுதியாகப் பொருத்தவேண்டும். பாம்பு ஊர்ந்து தள்ளி, அந்த முனை குளிர்ந்த பக்கத்திலோ தண்ணீர்க் கிண்ணத்திலோ விழுந்துவிட்டால், 'இன்னும் குளிர்கிறது' என்று எண்ணித் தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருக்கும். எனவே தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாமல், இரு கோடிகளிலும் தனித்தனி வெப்பமானி வைத்து நாள்தோறும் பார்க்கவேண்டும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்வது பயன்படாது. நம் கைக்கு இதமாகத் தோன்றும் சூடும், மணிக்கணக்கில் படுத்துக் கிடக்கும் வயிற்றைச் சுட்டுவிடும்.

நினைவில் நிறுத்த

1. பாம்பைக் கொண்டுவருவதற்கு முன்பே, வெறும் பெட்டியை ஓர் இரவும் பகலும் சூடாக்கி, வெப்பநிலை மாறாமல் நிற்கிறதா என்று சோதிக்கவேண்டும்.

2. வெப்பப் பாய் தரையில் பாதிக்கு மேல் பரவக் கூடாது. மறுபாதி நிழலுக்கு உரியது.

3. பெட்டியைச் சன்னலோரத்து வெயிலில் வைக்கக் கூடாது. கண்ணாடி வெப்பத்தை உள்ளே சிறைப்படுத்தும். நிறுத்தி வைத்த கார் வெயிலில் கொதிப்பது போன்றதே இதுவும்.

4. மின்கம்பிகளையும் செருகிகளையும் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து தள்ளி வைக்கவேண்டும். உள்ளே கை விடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும்.

5. மின்சாரம் நின்றுபோனால் பெட்டியைக் கம்பளியால் போர்த்தலாம். காற்று போக இடம் விடவேண்டும். வெந்நீர்ப் புட்டி வைத்தால் துணி சுற்றி, பெட்டிக்கு வெளியே வைக்கவேண்டும். மின்சாரம் வந்ததும் கம்பளியை மறவாமல் எடுத்துவிட வேண்டும்.

அன்பு மாணவியரே, பாம்பு குரல் எழுப்பாது. சுட்டாலும் அழாது, குளிர்ந்தாலும் கூப்பிடாது. தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாத உயிரைப் பராமரிப்பவர், அது சொல்லும்வரை காத்திருக்க முடியாது. தாமே அளந்து பார்த்து அறியவேண்டும். நம் ஆண்டவர் சீடர்களை அனுப்பியபோது, முன்மதிக்குப் பாம்பையே உவமை காட்டினார். தொட்டிலில் கிடக்கும் தம்பிக்குப் பால் ஆற்றிக் கொடுக்கும்போதும், காய்ச்சலில் கிடக்கும் பாட்டிக்கு ஒத்தடம் கொடுக்கும்போதும், முதலில் சூட்டைச் சோதியுங்கள். இரக்கம் நிறைந்த நெஞ்சோடு வெப்பமானியைப் பார்க்கும் கண்ணும் நமக்கு வேண்டும்.