மழலையோடு ஓர் இடமாற்றம்

நுழையும்முன்

மைய அரசுப் பணியாளர்களின் இல்லங்களில் இடமாற்றம் புதிய செய்தியன்று. பெரியவர்கள் ஆணையைப் படித்து அறிகிறார்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் பெற்றோர் சொல்லக் கேட்டு அறிகிறார்கள். பேசவே இப்போதுதான் கற்கும் குழந்தை அதனை எவ்வாறு அறியும்? ஒரு குடும்பம் ஊர் மாற ஆயத்தமான நாள்களைக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

ஆணை வந்தது

நாக்பூரில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு ஏப்ரல் இறுதியில் கௌகாத்திக்கு இடமாற்ற ஆணை வந்தது. தந்தை முன்னதாகச் சென்று பணியில் சேர்ந்தார். அங்கே அரசுக் குடியிருப்பில் வீடும் கிடைத்தது. எட்டாம் வகுப்பில் பயிலும் மகளையும், ஒன்றே முக்கால் வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஜூன் முதல் வாரத்தில் புறப்படுவதெனத் தாய் முடிவு செய்தார்.

மகளுக்கு இது இரண்டாம் இடமாற்றம். தோழியரைப் பிரியும் வருத்தம் அவளுக்கு இருந்தது. எனினும் அவளது படிப்பு அறுபடாது. அடிக்கடி ஊர் மாறும் பணியாளர்களின் பிள்ளைகளுக்காகவே 1963ஆம் ஆண்டு முதல் மையப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. நாக்பூரில் நிறுத்திய பாடத்தைக் கௌகாத்தியில் அதே நூலில் தொடரலாம்.

தம்பிக்கோ அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. சமையலறையின் கீழ்த்தட்டு, வாசற்படி, அடுத்த வீட்டு மராத்தியப் பாட்டி ஆகியவையே அவன் அறிந்த உலகம். அப்பாட்டியை அவன் ‘ஆஜி’ என்று அழைப்பான். மராத்தியில் பாட்டியைக் குறிக்கும் சொல் அது.

மறைந்துபோன பொருள்கள்

புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே பொருள்களைக் கட்டும் பணி தொடங்கியது. எதனை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது என்று தாயும் மகளும் பட்டியலிட்டனர். நாக்பூரின் கோடைக்கு இன்றியமையாத கூலர் அவற்றுள் ஒன்று. நீர் ஆவியாவதால் காற்றைக் குளிர்விக்கும் அக்கருவி, வறண்ட காற்றில்தான் நன்கு பயன்படும். ஈரக்காற்று மிகுந்த கௌகாத்தியில் அதனால் பெரும்பயன் இல்லை. ஆகவே அதனை ஆஜியின் வீட்டுக்குக் கொடுத்தனர். கொசுவலைகளை மறவாமல் எடுத்துக்கொண்டனர்.

முதல் வாரத்தில் குழந்தைக்கு எல்லாம் விளையாட்டாகவே இருந்தது. மகள் ஒரு பொருளைப் பெட்டிக்குள் வைத்தால் அவன் இரண்டை வெளியே எடுத்துப் போட்டான். இரண்டாம் வாரத்தில் கீழ்த்தட்டுப் பாத்திரங்களைக் கட்டி முடித்தனர். அன்று அவன் காலியான தட்டின் முன் நெடுநேரம் நின்றான். பகலில் சோற்றை மறுத்தான். இரவில் மும்முறை விழித்து அழுதான். மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தது. காய்ச்சலோ வயிற்றுவலியோ இல்லை என்று மருத்துவர் கூறினார்.

காரணத்தை முதலில் உணர்ந்தவர் தாய். பெட்டிக்குள் போன பொருள் வேறோர் ஊரில் வெளியே வரும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தை கண்டதெல்லாம், நாள்தோறும் ஒவ்வொன்றாகப் பொருள்கள் மறைவதைத்தான். தந்தையும் ஒருநாள் பெட்டியோடு புறப்பட்டுச் சென்றார், இன்னும் திரும்பவில்லை. அடுத்து மறையப்போவது எது, யார் என்ற அச்சத்தை அவனால் சொல்லால் கேட்க இயலாது. அதனால் அழுகையால் கேட்டான்.

குழந்தைக்கென ஒரு பாடத்திட்டம்

ஊர் மாறினாலும் மாறாத பாடத்திட்டம் மகளுக்கு இருப்பதுபோலத் தம்பிக்கும் ஒன்று வேண்டும் என்று தாய் கருதினார். அன்று முதல் வீட்டில் நான்கு வழக்கங்கள் தவறாமல் கடைப்பிடிக்கப்பட்டன.

முதலாவது, நாளின் வரிசை. மாலையில் குளியல், பின்னர்ப் பருப்புச் சோறு, பின்னர் நிலவைக் காட்டி ஒரு கதை, பின்னர் உறக்கம் என்ற ஒழுங்கு எத்துணை வேலையிருந்தாலும் மாறவில்லை. குழந்தை கடிகாரம் பார்ப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வருவதையே அது காலமாக அறிகிறது.

இரண்டாவது, திறந்த பெட்டி. ஓர் அட்டைப்பெட்டியின் மேல் மகள் யானைப் படம் வரைந்தாள். அது தம்பியின் பெட்டி. அதனை ஒட்டவில்லை. தன் மரவண்டியையும் கிண்ணத்தையும் அவனே உள்ளே வைப்பான், வேண்டும்போது அவனே வெளியே எடுப்பான். பெட்டிக்குள் போனது திரும்பி வரும் என்பதை அவன் கை இவ்வாறு கற்றுக்கொண்டது. ஐந்தாறு நாள்களில் இரவு அழுகை குறைந்தது.

மூன்றாவது, கடைசியில் கட்டுதல், முதலில் பிரித்தல். முன்பு தூளியாகத் தொங்கியதும் இப்போது அவன் போர்த்துக்கொள்வதுமான தாயின் பழைய நூற்சேலை, கிண்ணம், பருப்பும் அரிசியும், ஒரு சிறு குக்கர் ஆகியவை சரக்கு வண்டியில் ஏற்றப்படவில்லை. அவை கைப்பையிலேயே வந்தன. சேலையைத் துவைத்து எடுத்துச் செல்லலாம் என்றாள் மகள். தாய் வேண்டாமென்றார். அதன் பழகிய மணமே குழந்தைக்கு வீடு.

நான்காவது, விடைபெறுதல். உறங்கும்போது தூக்கிச் சென்றால் அழமாட்டான் என்று சிலர் கூறினர். தாய் அதற்கு இசையவில்லை. விழித்திருக்கும்போதே அவனை ஆஜியின் மடியில் அமர்த்தி, கையசைக்கச் செய்து, அதன்பின்பே அழைத்துச் சென்றார். குழந்தை அழுதான், ஆஜியும் கண் கலங்கினார். ஆயினும் அறியாமல் இழப்பதைவிட அறிந்து பிரிவது நன்று என்பது தாயின் எண்ணம்.

குழந்தையின் உயரத்தில் நின்று

வீடு கட்டுக்கட்டாகக் கிடக்கும் நாள்களே குழந்தைக்கு இடர் மிகுந்தவை. பெரியவர்களின் கண்கள் பொருள்களின்மீது இருக்கும், குழந்தையின்மீது இரா. ஆகவே மகள் நாள்தோறும் மாலையில் முழங்காலிட்டு வீட்டைச் சுற்றி வந்தாள். நின்றால் தெரியாதவை அவ்வுயரத்தில் தெரிந்தன. துணிகளுக்கிடையே இருந்து உருண்ட அந்துருண்டை மிட்டாய்போல வெண்மையாகக் கிடந்தது. அது நஞ்சு. கயிறு அறுக்கும் கத்தி தரையில் இருந்தது. குளியலறையில் பாதி நீரோடு வாளி நின்றது. அவ்வளவு நீரும் சிறு குழந்தையின் உயிரைப் போக்கப் போதுமானது. புதிய வீட்டை அடைந்ததும் அவள் இவ்வாறே வலம்வந்து, தாழ்வான மின்பொருத்துவாய்களையும் மாடக் கம்பிகளின் இடைவெளியையும் முதலில் பார்த்தாள்.

தடுப்பூசி அட்டையும் கைப்பையில் இருந்தது. 16 முதல் 24 மாதங்களுக்குள் போடவேண்டிய ஊசிகள் அவனுக்கு இன்னும் எஞ்சியிருந்தன. நாட்டின் எந்த அரசு நலவாழ்வு நிலையத்திலும் அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். முன்னர்ப் போட்டவற்றை அறிய அட்டையே சான்று.

புதிய ஊரில்

ஹௌராவில் வண்டி மாறி, இரண்டு இரவுகள் பயணம் செய்து, பிரம்மபுத்திரா ஆற்றைக் கடந்து அவர்கள் கௌகாத்தியை அடைந்தனர். நிலையத்தில் தந்தையைக் கண்ட குழந்தை முதலில் தாயின் தோளில் முகம் புதைத்தான். சற்று நேரம் கழித்தே கை நீட்டினான். தந்தை அவசரப்படாமல் காத்திருந்தார்.

ஒன்றை மட்டும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஜூன் மாதத்தில் நாக்பூரில் ஏறக்குறைய 5.30 மணிக்குக் கதிரவன் எழும். கிழக்கே அமைந்த கௌகாத்தியில் 4.30 மணிக்கே எழுந்துவிடும். இந்தியா முழுமைக்கும் நேரம் ஒன்றே, ஆனால் ஒளி ஒன்றன்று. முதல் நாள் 4.30 மணிக்கே குழந்தை விழித்து விளையாடத் தொடங்கினான். வீட்டார் சன்னலுக்கு அடர்நிறத் திரையிட்டனர். மாலை ஒழுங்கையும் அரைமணி நேரம் முன்னுக்குக் கொண்டுவந்தனர்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அசாமியப் பெண்மணி வந்தபோது, குழந்தை அவரிடம் ‘பாணி’ என்றான். ஆஜியிடம் தண்ணீர் கேட்கும் சொல் அது. அசாமிய மொழியிலும் தண்ணீருக்குப் ‘பானி’ என்றே பெயர். அவர் உடனே தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்துத் தாயிடம் திரும்பியவன், “தண்ணி” என்று காலிக் கிண்ணத்தைக் காட்டினான். யாரிடம் எம்மொழி என்பதை அவன் அறிந்திருந்தான்.

சுவர்களைப் பெயர்த்து எடுத்துச் செல்ல எவராலும் இயலாது. நாளின் ஒழுங்கையும், பழகிய மணத்தையும், வீட்டு மொழியையும் எடுத்துச் செல்லலாம். சிறு குழந்தைக்கு வீடு என்பது இவையே. வயதில் மூத்த பிள்ளைகள் மனம் வைத்தால் இவற்றைக் காப்பதில் பெற்றோருக்குப் பெருந்துணையாகலாம்.

சொல்லும் பொருளும்

ஆயத்தம் – முன்னேற்பாடு
இன்றியமையாத – கட்டாயம் தேவையான
இசைதல் – உடன்படுதல்
இடர் – துன்பம்
மின்பொருத்துவாய் – பிளக் பாயிண்ட்
வலம்வந்து – சுற்றிவந்து

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கூலரைக் கௌகாத்திக்கு எடுத்துச் செல்லாதது ஏன்?
2. குழந்தையின் பெட்டியை ஒட்டாமல் வைத்தது எதற்காக?
3. கௌகாத்தியில் குழந்தை முன்னதாக விழித்தது ஏன்?

ஆ) ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. குழந்தை உண்ண மறுத்ததற்கான காரணத்தை விளக்குக.
2. ‘அறியாமல் இழப்பதைவிட அறிந்து பிரிவது நன்று.’ இக்கருத்து உமக்கு உடன்பாடா? காரணம் தருக.

இ) மொழித்திறன்
உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஓர்’ வரும். உயிர்மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஒரு’ வரும்.
(எ.கா.) ஓர் அட்டைப்பெட்டி, ஒரு குடும்பம்
பொருத்தமானதை எழுதுக: ____ ஊர், ____ சேலை, ____ ஆறு, ____ கிண்ணம்

ஈ) செயல்பாடு
உங்கள் இல்லத்தில் அல்லது அண்டை வீட்டில் உள்ள சிறு குழந்தை ஒரு நாளில் வரிசையாகச் செய்வனவற்றைக் கவனித்துப் பட்டியலிடுக. நாளையே ஊர் மாற நேர்ந்தால் அவற்றுள் எவற்றை மாறாமல் காப்பீர்கள் என்று எழுதுக.