பொது வைஃபையில் அகமும் புறமும்

முன்னுரை

வாழ்வினை அகம், புறம் எனப் பகுத்துக் கண்டது தமிழ் மரபு. அகம் என்னும் சொல் உள்ளத்தையும் குறிக்கும், இல்லத்தையும் குறிக்கும். இல்லத்திற்குக் கதவு இருத்தல் போலவே, நம் கைப்பேசிக்கும் அதிலுள்ள உலாவிக்கும் காப்புக் கதவுகள் உள. பொதுவிடத்தில் அக்கதவுகளை எந்த அளவிற்குத் திறக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இடரும் காவலும்

இந்திய இரயில் நிலையங்களில் இரயில்டெல் நிறுவனத்தின் இலவச வைஃபை, 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிப் பல்லாயிரம் நிலையங்களுக்குப் பரவியது. கைப்பேசி எண்ணை அளித்து, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை இட்டால் இணைப்புக் கிட்டும். ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பகுதிகளிலிருந்து சேலம் வந்து செல்லும் மாணவர்க்கு இத்தகைய வசதி பேருதவியே.

ஆயினும், பூட்டில்லாத வைஃபையில் செல்லும் செய்தி காற்றில் திறந்த மடலாகவே செல்கிறது. அருகிலிருப்பவர் அதனைப் படிக்க இயலும். எனவே இன்றைய உலாவிகள் மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் வழியையே முதலில் நாடுகின்றன. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, நாம் தேடும் தளத்தின் பெயர்குறித்த டிஎன்எஸ் வினவலையும் மறையாக்கம் செய்யும் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' என்னும் அமைப்பைத் தந்தது.

முரண் எழும் இடம்

நுழைவுப் பக்கம் எவ்வாறு நம்முன் தோன்றுகிறது? நாம் கேட்கும் பக்கத்தை வைஃபை இடைமறித்து, அதற்குப் பதிலாகத் தன் பக்கத்தைக் காட்டுகிறது. இடைமறிப்பவனைத் தடுப்பதோ உலாவியின் கடமை. ஆதலின் காவலன் வாயிலோனையே கள்வன் எனக் கருதித் தடுத்துவிடுகிறான்! எச்சரிக்கை தோன்றுகிறது, அல்லது வெற்றுத்திரையே எஞ்சுகிறது. தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பில் குறிப்பிட்ட ஒரு வழங்கியின் பெயரை நாம் எழுதியிருந்தால், நுழைவதற்கு முன் அவ்வழங்கியை எட்ட இயலாமல் இணைப்பே முடங்குவதும் உண்டு.

உதவித்தொகை விண்ணப்பத்தின் இறுதி நாள். இரயில் வரச் சில நிமிடங்களே உள்ளன. இந்நிலையில் மாணவர் என் செய்வார்? நண்பர் சொற்கேட்டுக் காவல்கள் அனைத்தையும் நீக்குவார். விண்ணப்பம் சென்றுவிடும், நீக்கிய காவலோ நீங்கியபடியே கிடக்கும். பின்னர் அதே கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதுதான் உண்மையான இடர் தொடங்குகிறது.

நடுவுநிலை வழி

திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் (24:27), பிறர் இல்லத்துள் இசைவு பெற்று, ஸலாம் உரைத்த பின்னரே நுழையுமாறு பணிக்கிறது. இவ்வொழுக்கம் வைஃபைக்கும் பொருந்தும். 2020இல் இணையப் பொறியியல் பணிக்குழு வெளியிட்ட 8910ஆம் எண் ஆவணம், இடைமறிக்காமலேயே நுழைவுப் பக்கத்தின் முகவரியைக் கருவிக்கு முறையாக அறிவிக்க வழிவகுத்தது. அதனை எல்லா இணைப்பாளரும் கைக்கொள்ளின் முரண் பெரிதும் குறையும்.

அதுவரை நாம் செய்யத்தக்கன சில:

1. தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பைத் 'தானியங்கி' நிலையில் வைத்தல். இந்நிலை, தேவையான இடத்தில் தானே நெகிழ்ந்து கொடுக்கும்.

2. நுழைவுப் பக்கம் தோன்றாவிடில், கைப்பேசியின் வைஃபை அறிவிப்பைத் தொட்டு அதனைத் திறத்தல்.

3. ஒரு காவலை நீக்கியே ஆகவேண்டுமெனின் அதனை மட்டும் நீக்கி, உள்ளே நுழைந்தவுடன் மீண்டும் அமைத்தல்.

4. வங்கித் தளத்தில் பாதுகாப்பு எச்சரிக்கை தோன்றினால் மேற்செல்லாது நிறுத்திவிட்டு, கைப்பேசியின் சொந்த இணைப்பிற்கு மாறுதல்.

முடிவுரை

விருந்தினர்க்குக் கதவைத் திறப்பது பண்பு. அவர் வந்தபின் அதனைச் சாத்துவது அறிவு. கதவையே கழற்றி வைப்பார் எவருமிலர். காவல்களை அமைப்போர், பயன்படுத்துவோரின் அவசரத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பயன்படுத்துவோர் திறந்த கதவைச் சாத்த மறவாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் கூடினால் பொதுவெளியிலும் நம் அகம் காக்கப்படும் என்பது திண்ணம்.