வீட்டைச் சோதிப்பவரைச் சோதிப்பது யார்?



சந்தையில் ஒரு மண்பானை வாங்கினாலும் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் வீட்டை, புது வெள்ளையடிப்பைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று முன்பணம் கொடுத்துவிடுகிறோம். வெள்ளையடிப்புக்குப் பின்னால் இருக்கும் விரிசல் முதல் மழையில்தான் தெரியும்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொழில் உண்டு. 'ஹோம் இன்ஸ்பெக்டர்' என்பார்கள். நாம் வீட்டு ஆய்வாளர் என்போம். வாங்குபவர் கட்டணம் கொடுத்தால், அவர் கூரை, அஸ்திவாரம், குழாய், மின் இணைப்பு எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை தருவார். சுவரை உடைக்க மாட்டார், கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே எழுதுவார்.

டெக்சாஸ் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் இத்தொழிலைச் செய்ய முடியாது. கலிபோர்னியாவிலோ அப்படி ஒரு உரிமமே கிடையாது. அப்படியானால் ஏணியும் டார்ச் லைட்டும் வைத்திருப்பவரெல்லாம் ஆய்வாளரா? இந்தச் சந்தேகத்திற்கு விடையாகத்தான் சான்றிதழ் வருகிறது. ஆனால் அந்தச் சான்றிதழை யார் கொடுக்கிறார்கள் என்பதே முக்கியம்.

ஒரு பயிற்சி நிலையம் தானே கட்டணம் வாங்கி, தானே பாடம் நடத்தி, தானே தேர்வு வைத்தால் யாரைத்தான் ஃபெயில் ஆக்கும்? அதனால் வேலையை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

1) பயிற்சி தருபவர் ஒருவர்.

2) தேர்வு வைத்துச் சான்று தருபவர் வேறொருவர். அமெரிக்காவின் தேசிய வீட்டு ஆய்வாளர் தேர்வை நடத்துவது பயிற்சிப் பள்ளி அல்ல, 1999-ல் ஏற்பட்ட தனித் தேர்வு வாரியம். 200 கேள்விகள், 4 மணி நேரம்.

3) சான்று தருபவரே ஒழுங்காக நடக்கிறாரா என்று பார்க்கும் அங்கீகார அமைப்பு. இதற்கு ஐ.எஸ்.ஓ. 17024 என்ற உலகத் தரம் உண்டு. "எங்களிடம் படித்தால் எளிதில் பாஸ்" என்று சான்று தரும் நிறுவனம் சொல்லக் கூடாது என்கிறது அது. சான்றிதழும் ஆயுளுக்கும் செல்லாது, குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும்.

ஒழுக்க விதியும் உண்டு. 1976-ல் தொடங்கிய அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கத்தின் விதிப்படி, தான் ஆய்வு செய்த வீட்டில் ஓராண்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழுதுபார்க்கும் வேலை எடுக்கக் கூடாது. இல்லையென்றால் இல்லாத விரிசலெல்லாம் அறிக்கையில் வந்துவிடும் அல்லவா!

இனி நம்மைப் போன்றோர் யோசிக்க வேண்டிய செய்தி ஒன்று. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, வீட்டை விற்பவர் தகவல் தொகுப்பு ஒன்று தர வேண்டும், அதில் வீட்டின் நிலை பற்றிய அறிக்கையும் இருக்கும் என்று திட்டமிட்டார்கள். அதை எழுதுவதற்கென்றே ஒரு டிப்ளமோ ஏற்பட்டது. பலர் கைக்காசைப் போட்டுப் படித்தார்கள். 2006 ஜூலையில் அரசு, "அந்த அறிக்கை கட்டாயமில்லை" என்று அறிவித்துவிட்டது. 2010 மே மாதத்தில் தொகுப்பே நிறுத்தப்பட்டது. எரிசக்திச் சான்றிதழ் மட்டும் நிலைத்தது. படித்தவர்களில் சிலர் அதற்கான மதிப்பீட்டாளர்களாக மாறிப் பிழைத்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக டிப்ளமோ படிப்பவன் நான். நாளைக்கு இந்தத் தாளும் செல்லாமல் போனால்?

என் அப்பா கொத்தனார். கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டி, "இங்க பூச்சு விட்டுப்போச்சுடா" என்று சத்தத்தை வைத்தே சொல்வார். ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் அவரிடம் ஒரு சான்றிதழும் இல்லை, அதனால் அவர் சொல்லுக்கு அறிக்கை மதிப்பும் இல்லை. நான் ரசமட்டத்தைப் பற்றி ஐந்து மார்க் விடை எழுதுவேன், ஆனால் தட்டினால் எனக்கு ஒன்றும் கேட்காது.

ஐ.எஸ்.ஓ. 17024 எழுத்துத் தேர்வை மட்டும் சொல்லவில்லை. வாய்மொழித் தேர்வும், செய்முறைத் தேர்வும், வேலை செய்வதை நேரில் பார்ப்பதும் தேர்வே என்கிறது. அப்படியொரு நேர்மையான தேர்வு இருந்தால் என் அப்பாவும் தேறுவார். நானும் தேற வேண்டுமென்றால் விடுமுறையில் அவரோடு சாரம் ஏற வேண்டும்.

சட்டம் மாறினால் தாளின் மதிப்பு மாறலாம். காது கற்றுக்கொண்ட சத்தம் மாறாது. நண்பர்களே, இரண்டையும் சேர்த்தே சம்பாதிப்போம்!