தறிக்கு எந்த விளக்கு?

கேள்வி: வீட்டில் கைத்தறி இருக்கிறது. குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடலாமா? இரவில் நூலின் நிறம் மாறித் தெரியும் என்கிறார்களே?
– வாசகர், அனகாபுத்தூர்

பதில்: தாராளமாகப் போடலாம், ஆனால் வாட்ஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வாட்ஸ் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். தரும் வெளிச்சத்தின் அளவு லூமென். குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறித்தான் ஒளிர்கிறது. மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. அதனால்தான் 60 வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்.இ.டி. தந்துவிடுகிறது. தினமும் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் முன்னதற்கு 18 யூனிட், பின்னதற்கு 3 யூனிட்டுக்கும் குறைவு. சி.எஃப்.எல். விளக்கும் சிக்கனம்தான், ஆனால் அதற்குள் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் தொல்லை.

நிறம் பற்றிய அச்சம் நியாயமானது. வாழைநாரிலும் சேலை நெய்யும் உங்கள் ஊரில் சாயத்தின் சிறு வேறுபாடும் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனை சி.ஆர்.ஐ. என்ற எண் சொல்கிறது, உச்சம் 100. சாதாரண எல்.இ.டி.க்கு அது 80 அளவில் இருக்கும். அடர்சிவப்பு மங்கித் தெரியும். குண்டு பல்புக்கு 100 ஆயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதன் ஒளியில் நீலம் குறைவு, கருநீல நூலையும் கறுப்பு நூலையும் பிரித்தறிவது கடினம். ஆகவே தறிக்கு மேல் சி.ஆர்.ஐ. 90க்குக் குறையாத, பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் எல்.இ.டி.யைப் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அது தறிக்கு மட்டும் போதும், கூடத்துக்கும் சமையலறைக்கும் சாதாரண எல்.இ.டி.யே போதுமானது. எல்.இ.டி. சீக்கிரம் கெட்டுவிடுகிறது என்பதற்கு முக்கியக் காரணம், உள்ளிருக்கும் மின்சுற்றை வாட்டும் வெப்பம். மூடிய கூண்டுக்குள் மாட்டாமல் காற்றுப்படும்படி மாட்டினால் நீண்ட நாள் உழைக்கும்.