ஒரே வண்டி, இரண்டு பாதை: சங்கத்துக்கு ஒரு கைபேசிச் செயலி



சூளூர்பேட்டை நிலையத்தில் காலை நேரத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சீட்டு ஜன்னலில் வரிசை நிற்கும். வரிசைக்கே போகாமல் கைபேசியில் சீட்டு எடுத்துக்கொண்டு நேரே நடைமேடைக்கு வருபவர்களும் உண்டு. ஒருவர் கையில் ஆண்ட்ராய்டு, இன்னொருவர் கையில் ஐபோன். இருவருக்கும் சீட்டு ஒன்றே.

இந்த வசதியைச் செய்தது 1986ல் தொடங்கப்பெற்ற ரயில்வே தகவல் மையமான 'கிரிஸ்'. 2015 ஏப்ரலில் சென்னை எழும்பூர் - தாம்பரம் தடத்தில் காகிதமில்லாச் சீட்டு வந்தபோது அது ஆண்ட்ராய்டு கைபேசிக்கே கிடைத்தது. 2025 ஜூலை 1 அன்று வெளியிட்ட 'ரயில்ஒன்' செயலியோ இரண்டு வகைக் கைபேசிக்கும் வந்தது. ரயில்வே செய்ததைச் சிறிய அளவில் நம் சங்கமும் செய்துகொள்ளலாம். எப்படி என்று சொல்வதே இக்கட்டுரை.

இரண்டு கேஜ்

முன்பு சென்னை சென்ட்ரலில் அகலப்பாதை, எழும்பூரில் மீட்டர்பாதை. முன்னதில் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர், பின்னதில் 1000. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. சென்ட்ரலில் இறங்கிய பயணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழும்பூருக்குப் போய்த்தான் திருச்சி வண்டியைப் பிடிக்க வேண்டும். இந்தத் தொல்லையை ஒழிக்கவே 1992ல் ஒரே பாதைத் திட்டம் வந்தது.

ஆண்ட்ராய்டும் ஐபோனும் அப்படிப்பட்ட இரண்டு கேஜ். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மொழியில் நிரல் எழுதினால் வேலையும் இரட்டிப்பு, பிழையும் இரட்டிப்பு. ஒரே நிரலை இரண்டிலும் ஓட்டும் கருவிகள் பின்னர் வந்தன. ஃபேஸ்புக் நிறுவனத்தின் 'ரியாக்ட் நேட்டிவ்' 2015லும், கூகுள் நிறுவனத்தின் 'ஃப்ளட்டர்' முதல் முழுப் பதிப்பு 2018 டிசம்பரிலும் வெளிவந்தன. இரண்டும் இலவசம். ஃப்ளட்டரை வைத்துச் சொல்கிறேன்.

கட்டும் முறை

1. ஆண்ட்ராய்டுக்கு விண்டோஸ் கணிப்பொறி போதும். ஃப்ளட்டர், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இரண்டையும் நிறுவுங்கள். ஐபோனுக்கு ஆப்பிளின் 'எக்ஸ்கோட்' வேண்டும். அது மேக் கணிப்பொறியில்தான் ஓடும். மேக் இல்லாதவர்கள் இணையம் வழியே வாடகைக்குத் தரும் சேவைகளை நாடலாம்.

2. 'ஃப்ளட்டர் டாக்டர்' என்ற கட்டளையை இடுங்கள். எது சரி, எது குறை என்று அதுவே பட்டியல் கொடுக்கும். வண்டி புறப்படுமுன் பிரேக் சோதிப்பது போல, குறை தீராமல் மேலே போகாதீர்கள்.

3. 'ஃப்ளட்டர் கிரியேட்' என்று இட்டு, செயலியின் பெயரைச் சேர்த்தால் ஒரு கோப்புறை பிறக்கும். அதற்குள் 'லிப்' என்ற இடத்தில் நாம் எழுதும் பொது நிரல் இருக்கும். 'ஆண்ட்ராய்டு', 'ஐஓஎஸ்' என்ற இரண்டு கோப்புறைகள் அந்தந்தக் கைபேசிக்கு உரியவை.

4. அடையாளப் பெயரைத் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள். கூகுள் கடையில் ஒருமுறை வெளியிட்டபின் அதை மாற்ற முடியாது. எனவே அதில் தனிமனிதர் பெயர் வேண்டாம், சங்கத்தின் பெயர் இருக்கட்டும்.

5. அனுமதிகளை இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். ரயில் சீட்டுச் செயலி நாம் நிற்கும் இடத்தை அறியக் கேட்கிறது அல்லவா? அப்படிக் கேட்க, ஆண்ட்ராய்டு பக்கத்தில் 'மேனிஃபெஸ்ட்' கோப்பிலும், ஐபோன் பக்கத்தில் 'இன்ஃபோ பிளிஸ்ட்' கோப்பிலும் குறிப்பிட வேண்டும். பின்னதில் ஏன் கேட்கிறோம் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். நிரல் ஒன்றானாலும் இந்த ஓரங்கள் இரண்டாகவே இருக்கின்றன. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

6. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பொத்தானுக்குள் அடங்காவிட்டால் சோதனையின்போது ஃப்ளட்டர் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்டுக் காட்டும். கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கியும் பாருங்கள். தாத்தா பாட்டிமார் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

கடைக்கு ஏற்றும் முறை

கூகுள் கடைக்கு 'ஆப் பண்டில்' என்ற வடிவில் கோப்பைக் கட்டி அனுப்ப வேண்டும். கணக்குத் திறக்க ஒரே முறை 25 டாலர். தனிநபர் பெயரில் புதிதாகத் திறந்தால், வெளியிடுமுன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். நிறுவனக் கணக்குக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆனால் 'டன்ஸ்' எண் பெற்றுப் பதிய வேண்டும்.

ஆப்பிள் கடைக்கு ஆண்டுதோறும் 99 டாலர். முதலில் 'டெஸ்ட்ஃப்ளைட்' வழியே உறுப்பினர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அந்தச் சோதனைப் பதிப்பு 90 நாள் வேலை செய்யும். ஆண்டுச் சந்தா கட்டத் தவறினால் செயலி கடையிலிருந்து மறைந்துவிடும்.

இரண்டு கடைக்கும், உறுப்பினர் விவரங்களை என்ன செய்கிறோம் என்று சொல்லும் தனியுரிமை அறிக்கை ஒன்று தேவை.

டோக்கன் யாரிடம்?

இனி முக்கியமான செய்தி. ஆண்ட்ராய்டு செயலிக்குக் 'கையொப்பச் சாவி' என்ற சிறு கோப்பு உண்டு. புதிய பதிப்பை அதே சாவியால் கையொப்பமிட்டால்தான் கடை ஏற்கும். இப்போது கூகுள் மூலச் சாவியைத் தன்னிடம் காத்து, நம்மிடம் ஏற்றும் சாவியை மட்டும் விடுகிறது. அது தொலைந்தால் மாற்றித் தரும். ஆனால் மாற்றித் தரும்படி கேட்கக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டுமே!

என் மகள் வசிக்கும் ஊரில் ஒரு தமிழர் அமைப்புக்கு ஓர் இளைஞர் அன்போடு செயலி செய்து கொடுத்தார். தமிழ் வகுப்பு நேரமும், இரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் எண்களும் அதில் இருந்தன. இரண்டு கணக்குகளும் அவருடைய சொந்தப் பெயரில். அவர் வேலை மாறி வேறு நாடு போனார். பழைய மின்னஞ்சலும் மூடிப்போயிற்று, ஆப்பிள் சந்தாவும் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. எண்கள் செயலிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததால் திருத்தவும் வழியில்லை. ஒரு நாள் இரவு ஒரு குடும்பத்துக்கு அவசரமாக இரத்தம் தேவைப்பட்டது. பட்டியலில் இருந்த ஐந்து எண்களில் மூன்று பேர் ஊரிலேயே இல்லை. நள்ளிரவு வரை வீடு வீடாகப் பேசித்தான் ஆள் பிடித்தார்கள். நோயாளி பிழைத்தார். இளைஞரைக் குறை சொல்ல ஏதுமில்லை. பொறுப்பை வாங்கிக்கொள்ளத் தவறியவர்கள் நிர்வாகிகள்.

ஒற்றைப் பாதையில் வேலை பார்த்தவன் நான். ஓட்டுநர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி அடுத்த நிலையத்துக்குப் புறப்படக் கூடாது. அங்கே போனதும் அதை ஒப்படைத்தாக வேண்டும். எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் டோக்கனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சாவியும் அப்படியே.

ஆகவே கணக்குகள் சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். சாவிக் கோப்பின் பிரதி செயலாளரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றும் இருக்கட்டும். சந்தா நாளை வரவுசெலவுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மாறக்கூடிய விவரங்களைச் செயலிக்குள் எழுதாமல், தனியே திருத்தக்கூடிய இணையக் கோப்பில் வையுங்கள். எண்ணைத் தந்தவரிடம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

இம்மாதப் பயிற்சி

கோடை விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரே பக்கம் உள்ள செயலி ஒன்றைச் செய்து பாருங்கள். தமிழ் வகுப்பு நேரம் மட்டும் இருந்தால் போதும். நிரல் எழுதுவதை அவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதில் வரும் தமிழை நீங்கள் அவர்களுக்குச் சொல்லித் தரலாம். அடுத்த பொதுக்குழுவில் புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும்போது, கணக்குப் புத்தகத்தோடு செயலியின் சாவியையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.