கலங்களை அழைக்கும் விளக்கு

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்க அருங்காட்சியகத்தைக் காணச் செல்வோர், பழைய கருவிகளைக் கண்டு வியப்பதோடு அமையாது, 'கலங்கரை விளக்கம்' என்னும் சொல்லையும் ஆராய்தல் வேண்டும்.

இதிலுள்ள 'கரை' என்பதைக் கடற்கரை எனக் கொள்வாருளர். அஃது அன்று. கரைதல் என்பது அழைத்தல். காகம் கரைகிறது என்னும் வழக்கை நாம் அறிவோம். கலம் என்பது மரக்கலம். ஆகவே, கலங்களை அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம். இச்சொல் சிலப்பதிகாரத்திலேயே பயில்கின்றது.

கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்றுத் துறையில் ஏணி சார்த்திய உயர்மாடத்தின்மேல் இரவில் ஏற்றிய தீ, கலங்களை அழைத்த செய்தியைத் தருகின்றது. அத்துறை மாமல்லபுரமே என்பர் ஆய்வாளர் சிலர்.

இங்குப் பாறைமீதுள்ள பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் மேல் 19ஆம் நூற்றாண்டில் விளக்கேற்றினர். பின்னர் அதனருகிலேயே இன்றைய கற்கோபுரம் எழுந்தது. இடமும் எரிபொருளும் மாறின. அழைக்கும் தொழில் மாறவில்லை.

வருவது எந்நாட்டார் கலம், எச்சமயத்தார் கலம் என அவ்விளக்கு வினவுவதில்லை. கடலில்லா அரக்கோணத்தில் பயிலும் நம் மாணவர்கள், காஞ்சி வழியே ஒருநாட் பயணமாகச் சென்று கண்டுவரலாம். சொல்லின் பொருளுணர்ந்து கண்டால் பயன் பெரிது.